நூர்ஜகான் கையெழுத்திடாத அறிக்கை

செவ்வாய்க்கிழமை காலை இரண்டாவது வகுப்பை எடுக்கக் கிளம்பிக்கொண்டிருந்தேன். கல்லூரி அலுவலகத்திலிருந்து ஆள் வந்து, எனக்குத் தொலைபேசி என்றார். மறுமுனையில் ரங்கசாமி. முன்பு சூலூர்ப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் என்னோடும் நூர்ஜகானோடும் வேலை செய்தவர்.

"ஏனுங்க சார், நம்ம நூர்ஜகான் அம்மணி காலையில போயிட்டாங்க. மத்தியானத் தொழுகை முடிஞ்சு எடுக்கறாங்களாம். உக்கடம் பஸ் ஸ்டாண்டுல நிக்கிறனுங்க, வந்துருங்க."

அன்னூரிலிருந்து நான் போய்ச் சேர்ந்தபோது வீட்டு முன்னால் கூட்டம் தெருவை அடைத்திருந்தது. சிறுநீரகம் பழுதாகி இரண்டு வருடமாக அவர் பட்ட பாட்டை நெருங்கியவர்கள் அறிவோம். வயது நாற்பத்து நான்குதான்.

அவரை அறிந்து இதைப் படிக்கிறவர்களில் பலருக்கு, பிற்பாடு அவர் வேலை பார்த்த குடிநீர்ப் பரிசோதனைக் கூடம்தான் நினைவுக்கு வரும். நான் சொல்ல வருவது அதற்கு முந்தைய கதை. ஏழு வருடத்துக்கு முன் நடந்தது.

எங்கள் தொழிற்சாலையில் தேங்காயெண்ணெயிலிருந்து கொழுப்பு அமிலம் எடுப்பார்கள். வேதியியலில் அதைக் கார்பாக்சிலிக் அமில வகை என்போம். அந்த அமிலத்தை ஆல்கஹாலாக மாற்றிவிட்டால் ஷாம்பு, சலவைத்தூள் செய்கிறவர்கள் தேடி வந்து வாங்குவார்கள். ஆனால் அதற்கு ஹைட்ரஜனை மிகுந்த அழுத்தத்தில் செலுத்த வேண்டும். குறைந்த அழுத்தத்தில் அதைச் செய்ய ஒரு வினையூக்கி கண்டுபிடிப்பது எங்கள் ஆய்வுப் பிரிவின் வேலை. பிரிவு என்றால் நானும் நூர்ஜகானும், அழுத்தக்கலனை இயக்கும் ரங்கசாமியும்தான்.

ருத்தீனியம் என்ற உலோகத்தின் உப்புக் கரைசலை அலுமினாத் தூளோடு பீங்கான் கிண்ணத்தில் ஊற்றி, காய வைத்து வினையூக்கி தயாரித்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். அது அமிலத்தை ஆல்கஹாலில் நிறுத்தாமல் மேலும் உடைத்து, ஒன்றுக்கும் உதவாத எண்ணெயாக்கிவிடும். பல மாதம் இப்படியே போனது. ஒரு நாள் மட்டும் கலனிலிருந்து ஏறக்குறைய சுத்தமான ஆல்கஹால் வந்தது. நான் துள்ளிக் குதிக்காத குறை. அந்த வாரமே அறிக்கை எழுதத் தொடங்கினேன். முதலாளி பம்பாயில் முதலீடு செய்ய இருந்தவர்களுக்குச் சொல்லிவிட்டார்.

நூர்ஜகான் புதிதாக வினையூக்கி தயாரித்து அதே சோதனையைத் திரும்பச் செய்தார். முதல் தடவை பழைய எண்ணெய்தான் வந்தது. இரண்டாவது தடவையும் அதேதான். மூன்றாவது தடவை கலனின் சூடு கட்டுக்கடங்காமல் ஏறியது. ரங்கசாமி ஓடிப்போய் ஹைட்ரஜனை மூடி, அழுத்தத்தைத் திறந்துவிட்டார்.

அறிக்கைக்கு இரண்டு கையெழுத்து வேண்டும். நான் போட்டுவிட்டேன். முதலாளி தன் அறைக்கு எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

"ஒரு கையெழுத்துதானுங்கம்மா. மத்ததப் பெரிய பிளாண்ட்ல சரி பண்ணிக்கலாம்" என்றார்.

"வந்தது நெசந்தானுங்க. எதனால வந்துச்சுன்னு தெரியலீங்க. தெரியாத ஒண்ணுக்கு எப்படிங்க கையெழுத்துப் போடறது?" என்றார் நூர்ஜகான். குரல் உயரவில்லை. அறிக்கையை மேசை மீதே வைத்துவிட்டு எழுந்துகொண்டார்.

அதன் பிறகு அந்த ஒரு நாளில் என்ன வித்தியாசமாக நடந்தது என்று தேட ஆரம்பித்தார். தூள், உப்பு, தண்ணீர் எல்லாம் பார்த்தாயிற்று. ரங்கசாமி மட்டும் அவர் முகத்தைப் பார்க்காமலே நடமாடினார். ஒரு நாள் நூர்ஜகான் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "அண்ணா, தப்பு யாருதுன்னு நான் தேடலீங்க. அன்னிக்கு நடந்தது மட்டுந்தான் எனக்கு வேணும்" என்றார்.

மறுநாள் ரங்கசாமி செய்தித்தாளில் சுற்றிய ஒரு பித்தளைப் பாத்திரத்தைக் கொண்டுவந்து வைத்தார். கேண்டீனுக்காகப் புதிதாக ஈயம் பூசி வந்தது. "பீங்கான் கிண்ணம் கைதவறி ஒடஞ்சுபோச்சுங்க அம்மணி. வேலை போயிருமோன்னு பயந்துட்டு, இதுல ஊத்திக் காய வெச்சுப்போட்டேன். திருப்பி அடுப்புக்குக் குடுக்க மனசு வரலீங்க, ஒளிச்சு வெச்சுட்டேன்."

நூர்ஜகான் பாத்திரத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். கரைசல் நின்ற உயரம் வரைக்கும் வெள்ளைப் பூச்சு போய், மஞ்சளாகப் பித்தளை தெரிந்தது. "இந்த ஈயம் எங்கீங்க போச்சு?" என்று கேட்டார். பிறகு மெல்லச் சிரித்தார். அவர் அத்தா என்று கூப்பிட்ட தகப்பனார் கோட்டைமேட்டில் பாத்திரங்களுக்கு ஈயம் பூசியவர். நாங்கள் எங்கெங்கோ தேடியதை அவர் ஒரு பார்வையில் பிடித்துவிட்டார்.

ருத்தீனியக் கரைசலின் அமிலம் ஈயத்தை, அதாவது வெள்ளீயத்தை, கரைத்துத் தூளில் சேர்த்திருந்தது. பித்தளையிலிருந்து செம்பும் துத்தநாகமும்கூட வந்திருக்கலாமே என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சேர்த்துப் பார்த்தார். வெள்ளீயம்தான். கொஞ்சமாகப் போட்டால் பலனில்லை, அதிகம் போட்டால் வினையே நடக்கவில்லை. நான்கு மாதம் கழித்துச் சரியான அளவு கிடைத்தது. அதன் பிறகு ஒவ்வொரு தடவையும் ஆல்கஹால் வந்தது.

"ருத்தீனியம் அவசரக்காரனுங்க சார். நிக்கச் சொன்ன எடத்துல நிக்காது. ஈயம் கூட இருந்தா கையப் புடிச்சு நிறுத்திருது" என்றார். இரண்டு உலோகங்கள் சேர்ந்து வேலை செய்வதைப் பற்றி என் வகுப்பில் இன்றும் அவர் சொன்னபடிதான் சொல்கிறேன்.

புதிய அறிக்கையில் கேண்டீன் பாத்திரத்தை மறைக்காமல் எழுதி, மூன்றாவதாக ரங்கசாமியின் பெயரையும் சேர்த்தார். படிப்பவர்கள் சிரிப்பார்கள் என்று நான் தடுத்தேன். "நடந்தது அதுதானுங்களே" என்று முடித்துவிட்டார்.

ஆனால் பம்பாய்க்காரர்கள் அத்தனை நாள் காத்திருக்கவில்லை. வேறு இடத்தில் பணம் போட்டுவிட்டார்கள். பிளாண்ட் வரவில்லை. அடுத்த வருடம் ஆய்வுப் பிரிவையும் மூடினார்கள். கடைசி நாளன்று, "எல்லாம் உங்களாலதான் போச்சு" என்று அவரிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

"அந்த ஒரு தடவை வந்தத நம்பிப் பெரிய கலனா கட்டியிருந்தா, அதுக்குப் பக்கத்துல நின்னிருக்கறது ரங்கசாமி அண்ணா தானுங்க சார்" என்றார் நூர்ஜகான். பிறகு தன் பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார்.

முதலாளி அறையில் நடந்த இன்னொன்றை மேலே எழுதாமல் விட்டேன். திரும்பச் செய்த மூன்று சோதனைகளும் தோற்றது எனக்குத் தெரியும். தெரிந்தும் அறிக்கையில் அவற்றைச் சேர்க்கவில்லை. நூர்ஜகான் அவற்றைச் சொன்னதும் முதலாளி என் பக்கம் திரும்பி, "இது உங்களுக்குத் தெரியுமுங்களா?" என்று கேட்டார். நான் மேசையைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். "நாங்க ரெண்டு பேரும் இதப் பத்திப் பேசிட்டுத்தானுங்க வந்தோம்" என்றார் நூர்ஜகான். பேசினோம் என்பது பொய்யில்லை. வேண்டாம், சொல்லாதீர்கள் என்று நான் அவரிடம் மன்றாடியதை மட்டும் அவர் சொல்லவில்லை.

அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அந்த ஒரு வாக்கியம். என் தவறை நானே வந்து சொல்வதற்கு அதில் இடம் விட்டுவைத்திருந்தார். ஏழு வருடம் நான் சொல்லவில்லை. அவரை அறிந்த உங்கள் முன்னால் இப்போது சொல்லிவிட்டேன்.