பெஹாலாவில் ஒரு பதினோரு நிமிட வேலை

கடந்த ஜூலையில் மூன்று நாள் கொல்கத்தா போய் வந்தேன். ஊர் சுற்ற இல்லை. பெஹாலாவில் இருக்கும் எங்கள் கிளையில் ஒரு ஃபைல் திறக்க யுகமாகிறது என்று புகார். அங்கே நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்ளும் கவிதா மதுரைக்காரர், ஒப்பந்த ஊழியர். வெள்ளிக்கிழமை அவருடைய ஒப்பந்தம் முடிகிறது. நீட்டிப்பதா வேண்டாமா என்பது என் அறிக்கையைப் பொறுத்தது. தப்பு அவருடையதுதான் என்று சென்னையிலேயே முடிவுகட்டிவிட்டுத்தான் விமானம் ஏறினேன்.

விமானம் இரண்டேகால் மணி நேரம். ஏர்போர்ட்டிலிருந்து டாலிகஞ்ச் 25 கிலோமீட்டர். டாக்ஸிக்கு 560 ரூபாய், மழையில் ஒன்றரை மணி நேரம். அங்கிருந்து பெஹாலாவுக்கு ஷேர் ஆட்டோ, 20 ரூபாய். ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டினேன். "தாதா, குச்ரோ தின்!" என்று ஓட்டுநர் கத்தினார். 'அண்ணா, சில்லறை கொடுங்க' என்கிறாராம். பக்கத்தில் இருந்த பெண்மணி எனக்கும் சேர்த்துக் கொடுத்துவிட்டு இறங்கிப் போனார்.

அலுவலகத்தில் நுழைந்தபோது மணி 11.20. கவிதா லேப்டாப்பை என் பக்கம் திருப்பினார்.

"சார், இங்கருந்து பெங்களூர் சர்வருக்கு ஒரு தடவ பிங் அடிச்சுப் பாருங்க. மூணு மாசமா மெயில்ல இதத்தான் கெஞ்சிக்கிட்டு இருக்கேன்."

அடித்தேன். எங்கள் ஃபைல்கள் எல்லாம் இருக்கும் அந்த சர்வருக்கு ஒரு செய்தி போய்த் திரும்ப 42 மில்லி செகண்ட். சென்னையிலிருந்து ஆறுதான்.

விஷயம் எளிது. கிளைகளில் நாங்கள் வைத்திருக்கும் ஆக்சலரேட்டர் பெட்டி கொஞ்சம் டேட்டாவை அனுப்பிவிட்டு, வந்து சேர்ந்தது என்ற பதிலுக்காகக் காத்திருக்கும். ஒரு மூச்சில் எவ்வளவு அனுப்பலாம் என்பதுதான் டிசிபி பஃபர். சென்னையில் அளந்து 64 கேபி போதும் என்று வைத்தவன் நான். அதையே டெம்ப்ளேட்டாக்கி எல்லாக் கிளைக்கும் காப்பி அடித்ததும், கிளையில் யாரும் மாற்ற முடியாதபடி பூட்டியதும் நானே. தூரம் கூடினால் காத்திருப்பும் கூடும். 100 எம்பிபிஎஸ் லைனில் ஒரு ஃபைலுக்கு 12தான் கிடைத்தது. வேகத்துக்காக வாங்கிய பெட்டியே கழுத்தைப் பிடித்திருந்தது.

"பஃபர ஏத்துங்கன்னு கேட்டேன். டெம்ப்ளேட்டத் தொடாதீங்கன்னு ஒத்த வரியில பதில் போட்டீங்க சார்," என்றார். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருக்கலாம்.

பெஹாலா, பெங்களூர் இரண்டு முனையிலும் பஃபரை 1 எம்பி ஆக்கினேன். பதினோரு நிமிடம் ஆனது. மூன்று நிமிடம் இழுத்த ஃபைல் அரை நிமிடத்தில் வந்தது. சென்னையில் இருக்கும் என் மேனேஜருக்கு ஃபோன் போட்டு, தப்பு என் டெம்ப்ளேட்டில்தான் என்றேன்.

"சரியாயிருச்சுல்ல? டெம்ப்ளேட்டுன்னு எழுதினா எல்லா பிராஞ்சும் நம்ம தலையில ஏறுவாங்க. சைட் இஷ்யூன்னு போட்டு குளோஸ் பண்ணுங்க."

போட்டேன். சைட் இஷ்யூ என்றால் தப்பு அந்தக் கிளையில் என்று அர்த்தம். பெஹாலா சைட்டுக்குப் பொறுப்பு என்று இருந்தது ஒரே ஆள். இதை எழுதும்போது என் மேலேயே எனக்கு வெறுப்பாக இருக்கிறது. வெள்ளிக்கிழமை கவிதாவிடமிருந்து அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். நான் அப்போது கரியாஹாட்டில், நாளுக்கு 1,400 ரூபாய் அறையில், பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன்.

இதே வேலையாகப் போகிறவர்களுக்கு: ஜூலையில் குடை கட்டாயம். டிக்கெட் எடுக்குமுன் அந்தக் கிளையிலிருந்து பிங் அடிக்கச் சொல்லுங்கள், பயணமே தேவைப்படாது. பஃபரை ஒரு முனையில் மட்டும் மாற்றினால் பிரயோஜனமில்லை. கிளையிலிருந்து வரும் மெயிலைக் கடைசி வரி வரை படியுங்கள். கவிதாவின் மெயில்களை நான் சென்னை திரும்பிய பிறகுதான் அப்படிப் படித்தேன். எவ்வளவு வைக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு, 1 எம்பி என்றே எழுதியிருந்தார்.