தேவமணி சீட்டெடுக்க மறுத்த நாள்

சேரன்மகாதேவிக்குக் கிழக்கே, கால்வாய்க்கரையில் கிருபையூர் என்று ஒரு கிறிஸ்தவக் குடியிருப்பு. ஊர்க்காரர்கள் நல்லவர்கள்தான். ஆனால் எதற்கெடுத்தாலும் சீட்டுப் போடுவார்கள். பிள்ளைக்குப் பேர் வைக்கச் சீட்டு, கன்றுக்குட்டியை விற்கச் சீட்டு, மாப்பிள்ளை முடிக்கச் சீட்டு! இரண்டு துண்டுத் தாளில் எழுதிச் சுருட்டி, வெண்கலக் கும்பாவில் போட்டு, ஜெபம் பண்ணி ஒன்றை எடுத்தால் ஆண்டவருடைய சித்தம் தெரிந்துவிட்டதாம். காரியம் கெட்டுப்போனாலும் ஒருத்தர் தலையும் உருளாது பாருங்கள், அதுதான் அதில் உள்ள சுகம்.

சீட்டெடுக்கிற கை தேவமணியின் கை. சிறுமியாக இருந்தபோது அவள் எடுத்த ஏதோ ஒன்று நன்றாகப் பலித்துவிட, ராசியான கை என்று பேர் விழுந்துவிட்டது. ராசி, சகுனம் பார்க்கக்கூடாது என்று கோயிலில் பிரசங்கம் கேட்டுவிட்டு, நேரே அவள் வீட்டுக்குத்தான் வருவார்கள். அவளுடைய கல்யாணமும் அப்படித்தான் முடிந்தது. பத்தமடை மாப்பிள்ளையா, வள்ளியூர் மாப்பிள்ளையா என்று அவளையே எடுக்கச் சொன்னார்கள். வள்ளியூர் நேசையா வந்தார். தங்கமான மனுஷன்.

இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை வேலை இருக்கிறது என்று நேசையாவுக்குத் தகவல் வந்தது. அதற்கும் சீட்டு. போக வேண்டாம் என்று தேவமணியின் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. வாயைத் திறக்கவில்லை. கையில் "போ" வந்தது. போனவர் மலைக்காய்ச்சலில் அங்கேயே கண்ணை மூடினார். ஆண்டவர் சித்தம் என்று ஊர் சொன்னது. அவளும் அதையே சொல்லிக்கொண்டு, இருந்த துண்டு வயலை வைத்துப் பிழைத்தாள். நினைத்தாலே வயிறு எரிகிறது!

1911 கோடையில் கால்வாய் வற்றிக் குட்டையாகத் தேங்கியது. அந்தத் தண்ணீரைக் குடித்த கீழக்குடிக்குள் வாந்திபேதி புகுந்தது. கிருபையூர் வயல்களில் நடவும் களையும் பார்க்கும் கூலி ஜனங்கள் கால்வாய்க்கு அக்கரையில் குடியிருக்கும் இடம் அது. கிருபையூர்க் கோயில் வளவுக்குள் கல்கட்டுக் கிணறு ஒன்று உண்டு. எந்தக் கோடையிலும் வற்றாது, தண்ணீர் பன்னீர்தான். ஞாயிறு ஆராதனை முடிந்து சபை வெளியே வருகிறது, வளவு வாசலில் இசக்கித்தாய் வெறுங்குடத்தோடு நிற்கிறாள். தேவமணியின் வயலில் வருஷா வருஷம் நாற்று நடுகிறவள்.

"எம்மா, மூத்தது ரெண்டும் போயிட்டு. கடைக்குட்டி நாக்கு வறண்டு கெடக்கான். ஒரு கொடம் நல்ல தண்ணி ஊத்துங்கம்மா."

ஒருவரும் அசையவில்லை. நோய் உள்ளே வந்துவிடுமே என்ற பயம் பாதி. அந்தக் குடத்துக்கு இந்தக் கிணற்றுத் தண்ணீரா என்ற பழைய அழுக்கு மீதி. உபதேசியார் சத்தியநேசன் கெட்டவரல்ல, பயந்தவர். "பாதிரி ஐயரும் ஊர்ல இல்ல. நம்ம இஷ்டத்துக்கு ஒண்ணும் செய்யப்பிடாது. ஆண்டவர்ட்டயே கேட்டுருவோம்" என்று உள்ளே போனார். கொடு, கொடாதே என்று இரண்டு சீட்டு எழுதிப் போட்டு, கும்பாவை வெளியே கொண்டுவந்து தேவமணியிடம் நீட்டினார்.

பழகிய கை, தானாக எழும்பியது. பாதியில் நின்றுவிட்டது. அவளுக்கு வந்த கோபம் இருக்கிறதே, அப்படி ஒரு கோபம் ஆயுசில் வந்ததில்லை.

"உபதேசியாரே, இதுக்குள்ள 'கொடாதே'ன்னு கெடக்கே, அதை எழுதினது யாரு?"

"நாந்தான். ஏன் கேக்குதிய?"

"தவிச்ச வாய்க்குத் தண்ணி கொடுக்காதேன்னு ஆண்டவர் எங்கயாவது சொல்லியிருக்காரா? அவர் சொல்லாததை நீரு எழுதிப் போட்டுட்டு, அவர் தலையில கட்டப் பாக்கீரு!"

"அக்கா, நோய் உள்ள வந்துட்டுன்னா யாரு பொறுப்பு?"

"நான் பொறுப்பு."

அந்த ஊரில் அதுவரை ஒருவர் வாயிலும் வராத வார்த்தை. சொன்னவள் கும்பாவை ஒதுக்கித் தள்ளினாள். "அவியளை இலங்கைக்கு அனுப்பினது ஆண்டவரில்ல. போகாதிங்கன்னு சொல்ல எனக்கு வாய் இருந்துச்சு, சொல்லல. ஆண்டவர் மேல பழியைப் போட்டுட்டு இத்தனை காலம் இருந்துட்டேன். இனிமே மாட்டேன். வழியை விடும்."

சேலையை இழுத்துச் செருகினாள். கிணற்றில் வாளியை இறக்கி, மொண்டு, வாசல்வரை தூக்கிக்கொண்டு போய் இசக்கித்தாயின் குடம் நிறைய ஊற்றினாள். "காய்ச்சி, உப்புப் போட்டு, பையப் பைய வாயில விடு. ஓடு! மத்தவங்களையும் வரச்சொல்லு."

வந்தார்கள். கீழக்குடியே குடத்தோடு வந்தது. தேவமணி இறைத்தாள், ஊற்றினாள், மறுபடி இறைத்தாள். சபை வாயைப் பிளந்துகொண்டு நின்றது. உள்ளங்கை கொப்பளித்து வாளி நழுவப் போனபோது, பின்னாலிருந்து ஒரு கை கயிற்றைப் பிடித்தது. சத்தியநேசன்! வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார், கண் கலங்கியிருந்தது. "விடுங்கக்கா, நான் இறைக்கேன்" என்றார். அப்புறம் என்ன, ஊரே இறங்கிவிட்டது. பொழுது சாயுமுன் வீட்டுக்கு வீடு கஞ்சி கொதித்தது. அதைக் கீழக்குடிக்குள் கொண்டுபோய்க் கொடுத்தவர்களும் கிருபையூர்க்காரர்களே.

வாரம் திரும்புவதற்குள் நோய் அடங்கிற்று. கால்வாயைத் தாண்டி இந்தப் பக்கம் வரவே இல்லை. அடுத்த ஞாயிறு கோயிலில் பாடின பாட்டுக்கு ஓடு பெயர்ந்து விழாதது ஆச்சரியம். தேவமணியும் தொண்டை கிழியப் பாடிவிட்டு, எதையோ ஜெயித்துவிட்டவள்போல நிமிர்ந்து வெளியே வந்தாள். இசக்கித்தாய் இடுப்பில் கடைக்குட்டியோடு நின்றாள். பயல் கருப்பட்டி சப்பிக்கொண்டிருந்தான்.

"எம்மா, ஒங்க சாமி சொல்லித்தான் தண்ணி தந்தியளோ?"

தேவமணி பிள்ளையை வாங்கித் தன் இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"அவர் சொல்லி ரொம்பக் காலமாச்சு இசக்கி. நாந்தான் இப்ப சரின்னேன்."