அந்தரம் என்றால் என்ன?

"'அந்தரம்' என்றால் என்ன?"

தொலைபேசியில் டொக்டர் ஜெர்மன் மொழியில் இப்படிக் கேட்டபோது, நான் ஹம் நகரத்து வெதுப்பகம் ஒன்றில் பாண் ரொட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். அந்தச் சொல்லை அவர் 'அந்தராம்' என்று நீட்டியதில் முதலில் எனக்கே விளங்கவில்லை.

என் கணவரின் தாயை, அதாவது மாமியை, களைப்பு என்று முந்தின நாள்தான் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். மாமிக்கு ஜெர்மன் வராது. ஆனால் அந்த வார்டில் தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வந்த தாதி ஒருத்தி இருந்தாள். தமிழ்ப் பிள்ளை நிற்கிறாள், இனி என்ன கவலை என்று நான் வேலைக்கு வந்துவிட்டேன்.

என்ன செய்கிறது என்று தாதி கேட்க, மாமி "அந்தரமாக் கிடக்கு, பிள்ளை" என்றிருக்கிறார். அந்தரம் என்றால் ஆகாயத்தில் தொங்குவது என்றுதான் அவளுக்குத் தெரியும். தலைசுற்றல் என்று டொக்டரிடம் சொல்லிவிட்டாள். அவளில் பிழை சொல்ல மாட்டேன். எங்கள் ஆட்களுக்கு பஸ் பிந்தினாலும் அந்தரம், உயிர் போகப் பார்த்தாலும் அந்தரம். அந்நியர் என்னத்தைக் கண்டார்கள்?

டொக்டர் கேமரூன் நாட்டுப் பெண். தலைசுற்றலுக்கு மருந்து எழுதப் போனவர், மாமியின் முகத்தைப் பார்த்து நிறுத்தியிருக்கிறார். "இவருடைய தமிழும் உங்கள் தமிழும் ஒன்றுதானா?" என்று தாதியைக் கேட்டிருக்கிறார். பாதிதான் புரிகிறது என்று அவளும் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறாள். உடனே எனக்கு அழைப்பு.

அந்தரத்தை ஜெர்மனில் சொல்ல வெளிக்கிட்டுத் தடுமாறினேன். வலியும் இல்லை, பயமும் இல்லை, இரண்டும் சேர்ந்ததுபோல என்று உளறினேன். கடைசியில் தொலைபேசியை மாமியிடம் கொடுக்கச் சொன்னேன்.

"மாமி, என்ன செய்யுது? வடிவாச் சொல்லுங்கோ."

"படுத்தாலும் அந்தரம், எழும்பினாலும் அந்தரம். மூச்செடுக்க ஏலாமக் கிடக்கு. நெஞ்சுக்குள்ளை என்னவோ அடைக்குது."

ஒரே மூச்சில் மொழிபெயர்த்தேன். டொக்டர் நன்றி சொல்லி வைத்துவிட்டார். நான் ஏப்ரனோடு ஓடிப்போய்ச் சேர்ந்தபோது மாமியின் கட்டில் வெறுமையாக இருந்தது. பரிசோதனைக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள் என்று தாதிதான் ஓடிவந்து சொன்னாள். "சாரி அக்கா, எனக்கு வேற மாதிரி புரிஞ்சிடுச்சு" என்று அழுதாள். இருதயத்துக்குப் போகும் குழாயில் அடைப்பு. அன்றைக்கே திறந்துவிட்டார்கள்.

மாமி எழுந்து உட்கார்ந்து, ஆஸ்பத்திரிச் சூப்பில் உப்பில்லை என்று குறைசொல்லத் தொடங்கிய நாளில் டொக்டர் வந்தார். அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "தமிழில் இரண்டு விதம் இருக்கும் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "தமிழைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. என் நாட்டைத் தெரியும்." அவருடைய தாயின் மொழி மெதும்பா, தகப்பனின் மொழி ஃபெஃபே. இரண்டு ஊர்களும் பக்கத்துப் பக்கத்து மலைகள்தான். சந்தையில் பிட்ஜின் என்ற கலப்பு ஆங்கிலம், பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு. வெளியாட்கள் அந்த மலைச்சனம் எல்லாரையும் சேர்த்து 'பமிலேகே' என்று ஒரே பெயரில் முடித்துவிடுவார்களாம். இங்கே வந்தால் அதுவும் இல்லை. "ஆபிரிக்க மொழி பேசுவீர்களா என்று கேட்கிறார்கள். நீங்கள் ஐரோப்பிய மொழி பேசுவீர்களா என்று நானும் கேட்பேன்."

எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. எங்களை இந்தியன் என்று கூப்பிடும் எத்தனை பேரிடம் இப்படி ஏதாவது கேட்டிருக்கலாம்!

பிறகு அவர் குரலைத் தாழ்த்தினார். "என் அம்மா தலைநகரத்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, உங்கள் சனம்தான் என்று ஒருவரை மொழிபெயர்க்க விட்டார்கள். அவர் அடுத்த மலைக்காரர். நான் அப்போது இங்கே படித்துக்கொண்டிருந்தேன். எனக்கு யாரும் தொலைபேசி எடுக்கவில்லை."



"என்னவாம்?" என்றார் மாமி. சொன்னேன். மாமி போர்வையை இழுத்துக் கட்டிலில் இடம் விட்டார்.

"தாயில்லாப் பிள்ளை நிண்டுகொண்டு நிக்குது. இதிலை இருக்கச் சொல்லு."

அதையும் மொழிபெயர்த்தேன். டொக்டர் உட்கார்ந்தார்.