அமினியேல் மாமாவின் இரண்டு தட்டு

அமினியேல் மாமாவுக்குக் கண் போய்க்கொண்டிருந்தது எங்கள் சஃபாரி டிரைவர்களில் எனக்கு மட்டும்தான் தெரியும். அவர் மனைவி அய்காண்டேவுக்குக்கூடத் தெரியாது. அவள் என் சொந்த அக்கா. இரண்டு வருடம் அவள் கையால் வாழைக்காய்க் குழம்பு சாப்பிட்டுக்கொண்டே அவளிடம் மறைத்தேன்.

மாமா மேரு மலைச் சரிவில் பிறந்தவர். ஆறு அண்ணன் தம்பிகளுக்குப் பங்கு போட்டால் ஆளுக்கு நாலு காப்பிச் செடிதான் தேறும். அதனால் பதினேழு வயதில் கிளிமஞ்சாரோவுக்கு மூட்டை தூக்கப் போனார். அப்புறம் கூடாரத்தில் சமையல், அப்புறம் வண்டி. செரெங்கெட்டியில் மிருகம் பார்க்க வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு இருபத்து மூன்று வருடம் ஓட்டினார். நாங்களெல்லாம் மிருகம் நிற்கிற இடத்தை நோக்கி ஓடுவோம். அவர் அது வரப்போகிற இடத்துக்கு முன்னாலேயே போய், வெயிலை முதுகுக்குப் பின்னால் வைத்து, இன்ஜினை அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார். படம் எடுக்கிறவர்கள் எந்தெந்த நாட்டிலிருந்தோ "அமினியேல் இருந்தால் வருகிறோம்" என்று எழுதுவார்கள். படத்துக்குக் கீழே அவர் பெயர் ஒருநாளும் வந்ததில்லை. எனக்குத்தான் வயிறு எரியும். அவர் சிரித்துவிட்டுப் போவார்.

மோஷி நகரத்தில் கண் டாக்டர் சொன்னது இதுதான்: கண்ணுக்குள் அழுத்தம், ஓரப்பார்வை செத்துவிட்டது, போனது திரும்பாது, மிச்சமும் போகும். குழாய்க்குள் பார்ப்பது மாதிரி நேரே மட்டும் தெரிந்தது. கம்பெனியின் வருடாந்தரப் பரிசோதனையில் எழுத்துப் பலகையைக் கடகடவென்று வாசித்துவிடுவார். சுவரில் இருக்கிற எழுத்து நேரே இருக்கிறது. சிங்கமா நேரே வந்து நிற்கிறது?

"வண்டிய விட்டுருங்க மாமா," என்று நான் அன்றைக்கே சொன்னேன்.

"விட்டுட்டு? வீட்டுல உக்காந்து உங்க அக்கா கோழிய எண்ணவா?" என்றார். பிறகு, "வேற எதுக்கும் நான் லாயக்கில்ல மாப்ளே. இது போச்சுன்னா நான் யாருன்னு எனக்கே தெரியாது," என்றார்.

நான் தலையாட்டிவிட்டேன். அங்கேயே காலில் விழுந்தாவது தடுத்திருக்க வேண்டும்.

எங்களுக்குள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். இருவரும் கூடியவரை பக்கத்துப் பக்கத்திலேயே ஓட்டுவது. வண்டியில் வயர்லெஸ் உண்டு. ஆனால் அதில் பேசினால் எல்லா டிரைவர்களுக்கும் கேட்கும். ஆகவே பாதையை விட்டுப் புல்லில் இறங்குவதற்கு முன் மாமா மைக்கின் பித்தானை இரண்டு தட்டுத் தட்டுவார். டக், டக். அவர் வண்டியின் இரண்டு பக்கமும் நான் பார்க்க வேண்டும். ஏதாவது இருந்தால் நானும் தட்ட வேண்டும். ஒன்றும் இல்லையென்றால் பேசாமல் இருக்க வேண்டும். நான் பேசாமல் இருந்தால் வழி சுத்தம்.

"உங்க ரெண்டு பேருக்கும் என்னய்யா, பல்லி மாதிரி," என்று மற்ற டிரைவர்கள் வயர்லெஸ்ஸிலேயே கிண்டல் செய்வார்கள். "சம்சாரத்தோட தம்பிய்யா, கொஞ்சுறேன்," என்பார் மாமா.

அந்த மார்ச் மாதம் நாங்கள் செரெங்கெட்டியை ஒட்டிய ந்டூட்டு சமவெளியில் இருந்தோம். அந்தப் பக்கம் புல்லில் இறங்க அனுமதி உண்டு. மாமா வண்டியில் யோர்கன் என்கிற டென்மார்க்காரர், நல்ல மனிதர், எட்டாவது முறையாக மாமாவோடு வந்திருந்தார். அவருக்கு ஒரே ஒரு படம்தான் வேண்டும்: தாய்ச் சிவிங்கிப்புலி முழு வேகத்தில் கேமராவை நோக்கி ஓடி வர வேண்டும். என் வண்டியில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும். வீடியோ எடுக்கிறவர்கள்.

அன்றைக்கு ஒரு தாய்ச் சிவிங்கிப்புலி தன் நாலு குட்டிகளையும் புல்லில் உட்கார வைத்துவிட்டு மான் கூட்டத்தைப் பார்த்துப் பதுங்கிப் போனது. பத்து வண்டிகள் தூரத்தில் வரிசையாக நின்றன. வயர்லெஸ்ஸில் ஆளாளுக்குக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"அத கொஞ்சம் அணைச்சிருங்களேன், எல்லாம் பதிவாகுது," என்றாள் என் வண்டியில் இருந்தவள்.

அணைத்தேன். அதில் ஒரு தப்பும் எனக்கு அப்போது தெரியவில்லை. தினமும் யாராவது கேட்கிறதுதான்.

மாமாவின் வண்டி அசைந்தது. சிவிங்கி எங்கே திரும்பி ஓடும் என்று அவர் கணக்குப் போட்டுவிட்டார். அவர் கணக்கு சரி என்பதை நானும் பார்த்தேன். அவருக்கு இடப் பக்கம், பின்சக்கரத்துக்கு இரண்டடி தள்ளி, ஒரு புல் திட்டில் குட்டிகள் காது தெரிய உட்கார்ந்திருந்ததையும் பார்த்தேன். மைக்கை எடுத்துப் பித்தானைத் தட்டினேன். தட்டிக்கொண்டே இருந்தேன். "மாமா நில்லுங்க, இடது பக்கம் குட்டி," என்று வாய்விட்டே சொன்னேன். அணைத்ததை மறந்து, அணைந்து கிடந்த வயர்லெஸ்ஸில் சொன்னேன். அவர் தட்டியதும் எனக்குக் கேட்டிருக்கவில்லை. என் வண்டியில் இருந்த இரண்டு பேருக்குத்தான் அது கேட்டது. ஹாரனுக்குக் கை போவதற்குள் அவர் வண்டியைத் திருப்பிவிட்டார்.

மூன்று குட்டிகள் சிதறி ஓடின. ஒன்று ஓடவில்லை.

தாய் வேட்டையை விட்டுத் திரும்பி வந்தது. சிவிங்கி குட்டியைக் கூப்பிடுகிற குரல் குருவிச் சத்தம் மாதிரிதான் இருக்கும். மத்தியானம் வரை கூப்பிட்டது. யோர்கன் கேமராவை மடியில் வைத்துக்கொண்டு ஒரு படமும் எடுக்காமல் உட்கார்ந்திருந்தார்.

விசாரணையில் அதிகாரிகள் முன்னால் மாமா நின்றது எனக்கு மறக்காது.

"பாத்துத்தான் வண்டிய எடுத்தியா?"

"பாத்தேன் ஐயா. கவனிக்கல."

அவ்வளவுதான் சொன்னார். என் பெயரை எடுக்கவில்லை. பிறகு முழுக் கண் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். எல்லாம் வெளியே வந்துவிட்டது. உரிமம் போயிற்று. குருடன் கையில் கம்பெனி வெள்ளைக்காரன் உயிரைக் கொடுத்திருக்கிறது என்று ஊரில் பேசினார்கள். அக்கா என்னிடம் ஒரே ஒரு தடவை, "உனக்குத் தெரியுமாடா?" என்று கேட்டாள். அதற்கப்புறம் என் தட்டில் குழம்பு ஊற்றும்போது முகத்தைப் பார்ப்பதில்லை.

இப்போது மாமாவுக்கு நேரேயும் தெரியாது. வாழைத் தோப்புக்கும் வாசலுக்கும் நடக்கிறார், அவ்வளவுதான். யோர்கன் இரண்டு கடிதம் போட்டார்; அடுத்த வருடம் வேறு டிரைவரோடு வந்தார். சிவிங்கி ஓடி வருகிற படம் கிடைத்துவிட்டதாம்.

வயர்லெஸ் அணைந்திருந்தது என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. மாமாவிடமும்தான். ஒருநாள் சொல்லிவிடலாம் என்று போய் உட்கார்ந்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் என் முழங்காலைத் தேடிப் பிடித்துத் தட்டினார்.

"அதையே நெனச்சுக்கிட்டு இருக்காத மாப்ளே. உன் கண்ணுக்கும் படல, என் கண்ணுக்கும் படல. பட்டிருந்தா நீ தட்டியிருப்ப."

எழுந்து தோப்புப் பக்கம் போகக் காலை எடுத்து வைத்தார். கைத்தடியால் தரையில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, என் பதிலுக்காகத் தலையைச் சாய்த்து நின்றார். வழியைப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. பேசாமல் இருந்தேன். அவர் நம்பி நடந்தார்.