திரும்பும்போது எண்ணுகிறவர்

பிலவேந்திரன் விரல்களை மடக்கிக்கொண்டிருந்தார். சுண்டுவிரலில் தொடங்கி, பின்சீட்டில் இருப்பவர்கள், எதிர்ப்பலகையில் குறுக்கிக்கொண்டவர்கள், அவர் பக்கத்தில் அரை உடம்பு வெளியே தொங்க உட்கார்ந்திருக்கும் நான். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் மற்ற ஷேர் ஆட்டோக்காரர்கள் ஆள் ஏறிய மறுநொடி பறந்துவிடுவார்கள். இவர் எண்ணாமல் சாவியைத் திருப்ப மாட்டார். வடக்கனந்தலில் எல்லாரும் இறங்கிய பிறகும் ஒருமுறை எண்ணுவார்.

“நாங்க இன்னா கோழிக்குஞ்சாண்ணா, பருந்து தூக்கிக்கினு போவ?” என்று கேட்பார் கீரை விற்கும் ஜெயம்மாள்.

“இருக்கட்டும் யம்மா. எண்ணிக்கினா ஒண்ணும் கொறஞ்சிடாது.”

எண்ணி முடித்தாரே, இனி வண்டி கிளம்பும் என்று நம்பினால் நாம் ஏமாளிகள். அதற்கப்புறம்தான் கைப்பேசியை எடுப்பார். அந்தமானில் ஸ்கூபா டைவிங் நடத்தும் ஏதாவது ஒரு கம்பெனிக்குப் போன் போகும். தமிழ் தெரிந்தவர் கிடைக்கும்வரை “டமில், டமில்” என்று கத்துவார். கிடைத்ததும் குரல் இறங்கிவிடும். “போட்டுல ஆக்சிஜன் கீதுங்களா? ஒரு கைடுக்கு எத்தினி பேர உடுவீங்க?” கடைசிக் கேள்விக்கு முன்னால் ஒருமுறை எச்சில் விழுங்குவார். “கெளம்பும்போது ஆள எண்றது யாருங்க? திரும்பும்போது எண்றது யாருங்க?”

“எல்லாரும்தான் பாத்துக்குவோம் சார்” என்று பதில் வந்தால் முடிந்தது. “எல்லாரும்னா ஒருத்தரும் இல்லன்னு அர்த்தம்” என்று நம்மிடம் சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்புவார். ஆபீசுக்கு நேரமாகிறதே என்று முதலில் நானும் பல்லைக் கடித்தேன். பிறகு கடிப்பதை விட்டுவிட்டேன்.

இந்த ஆட்டோவில் போய்வந்தே கீரைக்காரம்மா முதல் நான்வரை எல்லாரும் கடலடி விவகாரத்தில் பாதி வக்கீலாகிவிட்டோம். கல்யாணம் நிச்சயமான தனுஷா என்ற பெண் ஒருநாள் கேட்டாள்: “தேனிலவுக்கு அவரு மாலத்தீவுன்றாரு, நான் அந்தமான்றேன். எங்க போயி டைவ் அடிக்கலாம்ண்ணா?” பிலவேந்திரன் சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “எங்கன்றது அப்பறம் கண்ணு. மழ காலத்துல போவாத. கம்மி வெலன்னு போவாத. காத்து ஜாஸ்தியா இருந்தா ‘இன்னிக்கி எறங்க முடியாது’ன்னு மூஞ்சிக்கு நேரா சொல்றவன் எவனோ, அவங்கிட்ட போ.” அந்தப் பெண்ணுக்குக் காரணம் தெரியாது. மற்றவர்கள் அவரவர் பையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அவர் மகன் அமல் அப்படி ஒரு கம்பெனியில்தான் வேலை பார்த்தான். கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வரும் ஓடையில் குதித்து நீச்சல் பழகியவன். இங்கே எழுதிய பரீட்சைகள் எதிலும் வேலை கிடைக்காமல் அந்தமானுக்குப் போய், தண்ணீருக்குள் ஆட்களைக் கூட்டிப்போகும் வேலையில் சேர்ந்தான். ஒரு டிசம்பரில், யாரோ ஒரு பயணி தவறவிட்ட கேமராவை எடுக்க மறுபடியும் இறங்கினான். கம்பெனிக்கு அன்று இரண்டு படகுகள். அவன் அந்தப் படகில் ஏறியிருப்பான் என்று இதில் நினைத்தார்கள், இதில் ஏறியிருப்பான் என்று அதில் நினைத்தார்கள். இரண்டும் கரைக்குப் போன பிறகுதான் அவன் இல்லை என்று தெரிந்தது. உடல் கிடைக்கவே இல்லை.

அது இட ஒதுக்கீட்டுப் போராட்டம் சூடாக இருந்த நேரம். செய்தி கேட்டு ஓடிய பிலவேந்திரனால் உளுந்தூர்பேட்டையைத் தாண்ட முடியவில்லை. மறியல். பஸ்களும் லாரிகளும் கண்ணுக்கெட்டிய தூரம் நின்றன. சென்னையில் விமானம் போய்விட்டது. அடுத்ததைப் பிடித்து அங்கே சேர்ந்தபோது தேடுவதை நிறுத்தியிருந்தார்கள். மகன் இறங்கிய இடத்தைக் கரையிலிருந்தே கையை நீட்டிக் காட்டினார்களாம்.

அன்று சாலையில் உட்கார்ந்திருந்தவர்களில் ஜெயம்மாளின் மகனும் ஒருவன். அதை அந்த அம்மாளே ஒருநாள் வண்டியில் சொல்லிவிட்டு அழுதார். பிலவேந்திரன் வண்டியை ஓரங்கட்டினார். “அழுவாத யம்மா. அவுங்களும் புள்ளிங்களுக்கு ஒரு வேல வோணும்னுதான ரோட்ல ஒக்காந்தாங்க. எம்புள்ளயும் வேலைக்குத்தான போனான்.”  அவரைத் திட்டிய நாட்களெல்லாம் எனக்கு ஞாபகம் வந்தன.

சரி, மகன் போன பிறகு எதற்குக் கம்பெனி தேடுகிறார்? அவர் மனைவி உபகாரமேரிக்காக. நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாள். ஊரே கல்லறைத் தோட்டத்தில் கூடி, சுண்ணாம்பு அடித்து, பேரை மறுபடி எழுதி, பூப்போட்டு மெழுகுவத்தி ஏற்றும். “எம்புள்ளைக்கி நான் எங்க போயி ஏத்தட்டும்?” என்று அந்த அம்மாள் கேட்டிருக்கிறார். பூ மிதந்து போய்விடும், கல் போகாது என்று பிலவேந்திரன் யோசித்தார். அமல் குதித்து விளையாடிய ஓடையிலிருந்து உள்ளங்கை அகலத்தில் ஒரு கல்லை எடுத்துவந்தார். சிலுவையும் பெயரும் செதுக்கினார். அதைக் கடலடியில் அவன் இறங்கிய இடத்தில் வைக்க, நம்பி இறக்கிவிடக்கூடிய ஓர் ஆள் வேண்டும்.

ஆள் கிடைப்பது லேசாக இல்லை. ஒருத்தன் “கல்லு இறக்கியாச்சு சார்” என்று போட்டோவே அனுப்பிவிட்டான். பிலவேந்திரன் சீட்டைத் தூக்கிக் காட்டினார். ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் பழைய துண்டில் சுற்றியபடி கல் இருந்தது. “கல்லு இங்க தூங்கிக்கினு கீது. அங்க இன்னாத்த எறக்கினான்?” என்றார். வண்டியே சிரித்தது. அவரும் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

கடைசியில் தேவிப்ரியா என்ற பெண் அகப்பட்டாள். போர்ட் பிளேரில் பிறந்த தமிழ்ப்பெண், சொந்தமாக ஒரு சின்னப் படகு வைத்து டைவிங் நடத்துகிறவள். பிலவேந்திரன் கேட்பதற்கு முன் அவளே கேட்டாள்: எந்த இடம், எவ்வளவு ஆழம், கல் எவ்வளவு எடை. “பவளப்பாறை மேல வைக்க மாட்டேன்ப்பா. மணல் இருக்கிற இடமாப் பாத்து வைக்கிறேன். நீரோட்டம் சரியில்லன்னா இறங்கவும் மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்.” யார் எண்ணுவது என்ற கேள்விக்கு, “நான்தான். பேரைக் கூப்பிட்டு எண்ணுவேன்” என்றாள். பிலவேந்திரன் அன்றே கல்லைப் பார்சலில் அனுப்பினார். துணியில் சுற்றி, பத்து இடத்தில் தையல் போட்டு, நனையாமல் மேலே பிளாஸ்டிக் சுற்றி.

நவம்பர் இரண்டு காலையில் வண்டியில் பேச்செல்லாம் முந்தின நாள் தீர்ப்பைப் பற்றித்தான். அந்தப் போராட்டத்தில் கிடைத்த உள் ஒதுக்கீடு செல்லாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஜெயம்மாள் கீரைக்கூடையை மடியில் வைத்துக்கொண்டு வாடிய இலைகளைக் கிள்ளிக்கொண்டிருந்தார். மகனுக்கு வரவேண்டிய ஏதோ ஒன்று கைக்கெட்டியும் கிடைக்காமல் போன வருத்தம். பிலவேந்திரன் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். போன் அடித்தது. அதை ஜெயம்மாளிடமே கொடுத்து, எல்லாரும் கேட்கும்படி வைக்கச் சொன்னார்.

காற்றின் இரைச்சலுக்கு நடுவே தேவிப்ரியாவின் குரல் வந்தது. “அப்பா, அந்த இடத்துலதான் நிக்கிறோம். நீரோட்டம் ரொம்ப இழுக்குது. பையன் ஒருத்தன் இறங்கறேன்னு நிக்கிறான், நான் விடல. மன்னிச்சிடுங்க. கல்லு எங்கிட்ட பத்திரமா இருக்கு, இன்னொரு நாள் பாக்கலாம்.”

 கல்லறைத் தோட்டத்தில் உபகாரமேரி காத்திருப்பார், கல் இறங்கிவிட்டது என்ற செய்தி வந்ததும் மெழுகுவத்தி ஏற்றலாம் என்று. பிலவேந்திரன் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தார். ஓர் ஆள் இறங்கட்டும் என்று அவர் வாய் சொல்லிவிடுமோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

“வாணாம்மா” என்றார். “எறக்காத. எந்தப் புள்ளயும் எறக்காத. கரைக்கித் திரும்பு.” பிறகு, எச்சிலை விழுங்கிவிட்டு, “திரும்பறதுக்கு மின்ன ஒருதபா எண்ணும்மா. நான் கேக்கறேன்.”

அந்தப் பெண் ஏன் என்று கேட்கவில்லை. பேர் பேராகக் கூப்பிட்டாள். “தங்கதுரை.” ஏதோ ஒரு குரல் பதில் சொன்னது. பிலவேந்திரன் சுண்டுவிரலை மடக்கினார். “பிமல்.” அடுத்த விரல். “சின்னக்கண்ணு.” நடுவிரல். “நான், தேவிப்ரியா. அவ்வளவுதான்ப்பா.” ஆள்காட்டி விரலும் மடங்கியது.

கூப்பிடாத பெயருக்குக் கட்டைவிரல் மட்டும் நின்றது. அதைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மற்ற நான்கையும் மெல்லத் திறந்து, அதை உள்ளே வைத்து மூடிக்கொண்டார்.