முன்பலகையைப் படிக்காமல் ஏறிய பேருந்து

நமக்கு நல்லதென்று தெரிந்த ஒன்றை, அதைக் கண்டு அஞ்சுகிற பிள்ளையிடம் எவ்வளவு தூரம் வற்புறுத்தலாம்? அஞ்செட்டியிலிருந்து என் சித்தப்பா மகள் ஓசூரில் எங்கள் வீட்டுக்கு வந்து தங்கிய வாரம் முழுவதும் இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தாள். கல்லூரியில் கணிதப் பிரிவில் இடமும் கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் சேராவிட்டால் அது வேறொருவருக்குப் போய்விடும். அவளோ, செல்போன் பாகங்கள் செய்யும் கம்பெனியில் வேலைக்குப் போவதாகச் சொன்னாள். அந்த வேலையை நான் குறைவாக எண்ணவில்லை. அச்சத்தில் எடுக்கும் முடிவு பின்னாளில் அவளை உறுத்துமே என்று கவலைப்பட்டேன். பட்டப்படிப்பின் பயன்களை விரிவாக எடுத்துரைத்தேன். தலையாட்டினாள், தட்டில் சோறு அப்படியே இருந்தது.

“அப்படி என்னதான் பயம் உனக்கு?”

“தப்பான கிளாசுல போயி உக்காந்துட்டா? அத்தன பேரும் சிரிப்பாங்கக்கா.”

சேர்வது பிறகு இருக்கட்டும், சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று வியாழக்கிழமை காலை அவளை அழைத்துப் போனேன். கல்லூரியின் பெயரைப் பக்கவாட்டில் பெரிதாக எழுதிய பேருந்து நிறுத்தத்தில் வந்து நின்றது. முதலில் நான் ஏறினேன். உள்ளே எல்லாரும் நீலச் சீருடையில் இருந்தார்கள். பேருந்து நகர்ந்துவிட்டது.

“ஏட்டி, எங்க ஷிப்டுக்கு நீங்க எதுக்கு வாரிய?” என்றார் தெற்கத்திப் பெண் ஒருவர். கல்லூரிக்கு என்றேன். பேருந்தே சிரித்தது. காலையில் கம்பெனி ஆட்களை இறக்கிவிட்டுத்தான் இந்த ஊரில் பல கல்லூரிப் பேருந்துகள் மாணவர்களை ஏற்றப் போகும். முன்கண்ணாடியில் கம்பெனிப் பலகை இருந்திருக்கிறது. நான் அதைப் பார்க்கவே இல்லை.

“நீ எத்தன வருசம்மா காலேஜ் படிச்ச?” என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

“அஞ்சு வருசம்” என்று என் தங்கை முந்திக்கொண்டாள். மறுபடியும் சிரிப்பு. அந்த வாரத்தில் அவளும் சிரித்தது அப்போதுதான். ஓட்டுநர் கன்னடத்தில் ஏதோ கேட்டார், எனக்கு விளங்கவில்லை. கர்நாடக எல்லையோரம் அஞ்செட்டியில் வளர்ந்த அவளே கன்னடத்தில் பதில் சொன்னாள்.

“கம்பெனி கேட்டுல இறங்க வேணாமாம்கா. அடுத்த ட்ரிப்பு காலேஜுக்குத்தானாம், உக்காரச் சொல்றாரு.”

தெற்கத்திப் பெண் இறங்கும்போது என் தங்கையின் கன்னத்தைத் தட்டி, “அக்காள பத்திரமா கூட்டிட்டுப் போ” என்றார்.

கல்லூரியில் அலுவலகம் எங்கே என்று அவளே விசாரித்தாள். முதலில் நூலகத்துக்குள் நுழைந்துவிட்டோம். “இது இல்லீங்களா? சரி” என்று யாரிடமோ சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள். சான்றிதழ்களை நான் பையில் எடுத்து வந்திருந்ததைக் கண்டதும், “சும்மா பாக்கத்தான் வந்தோமாக்கும்?” என்று முறைத்தாள், பிறகு கையை நீட்டி வாங்கிக்கொண்டாள்.

இப்போது இரண்டாம் ஆண்டு படிக்கிறாள், தனியாகவே போய் வருகிறாள். நான் அறிவுரையைக் குறைத்துக்கொண்டேன். பேருந்தில் ஏறுமுன் முன்பலகையைப் படிக்கிறேன்.