இருவர் கம்பெனியின் கடைசிப் பொதுக்கூட்டம்

அந்தத் தெருவில் அவரை எல்லோரும் முதலாளி என்றுதான் கூப்பிடுவார்கள். ஆரம்பத்தில் அது மரியாதையாக இருந்தது. அப்போது அவரிடம் ஒரு கொட்டகை நிறைய ஆட்கள் வேலை பார்த்தார்கள். ஷூ தயாரிப்பவர்களுக்கு அட்டைப் பெட்டி செய்து கொடுத்தார். பிறகு பெரிய ஆலைகள் அதே பெட்டியைப் பாதி விலைக்குத் தர ஆரம்பித்தன. ஆட்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். வெட்டும் மெஷினும் பின் அடிக்கும் மெஷினும் பழைய இரும்புக்காரன் வண்டியில் ஏறிப் போயின. பட்டம் மட்டும் போகவில்லை. கீழ்க்கடைத் தையல்காரர் தினமும், "என்ன முதலாளி, இன்னைக்கு எத்தனை லோடு?" என்று கேட்பார். அதில் மரியாதை எவ்வளவு, கிண்டல் எவ்வளவு என்று பிரிப்பது கஷ்டம். முதலாளி இரண்டையும் சேர்த்தே வாங்கிக்கொண்டு மாடிப்படி ஏறுவார்.

மெஷின் போனாலும் கம்பெனி போகவில்லை என்பதுதான் சங்கதி. கடை என்றால் கதவைச் சாத்தினால் தீர்ந்தது. பிரைவேட் லிமிடெட் கம்பெனி அப்படியில்லை. சட்டத்தின் கண்ணுக்கு அது தனி ஆள். சாப்பிடாது, தூங்காது, ஒரு வேலையும் செய்யாது. ஆனாலும் தான் உயிரோடு இருப்பதாக வருஷா வருஷம் அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். கணக்கை முடித்து ஆடிட்டரிடம் காட்டி அவர் கையெழுத்தை வாங்க வேண்டும். பங்குதாரர்களுக்கு முன்கூட்டியே நோட்டீஸ் அனுப்பிப் பொதுக்கூட்டம் நடத்த வேண்டும். கூட்டம் முடிந்ததும் ஆண்டறிக்கை தாக்கல் செய்ய வேண்டும். வருமானம் பூஜ்யம் என்றாலும் அந்தப் பூஜ்யத்துக்கு ஒரு வரிப் படிவம் உண்டு. தேதி தப்பினால் அபராதம் நாள்தோறும் ஏறிக்கொண்டே போகும். இதையெல்லாம் யோசித்து வைத்த புண்ணியவானுக்கு வீட்டில் வேறு வேலை இல்லை போலிருக்கிறது.

ஊரே தலையெழுத்தே என்று செய்யும் இந்த வேலையை முதலாளி கண்ணும் கருத்துமாகச் செய்தார். கம்பெனிக்கு ஒரு முகவரி வேண்டும், வாசலில் பெயர்ப்பலகை வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அதற்காகவே தையல் கடைக்கு மேலே அந்த ஒற்றை அறையை விடாமல் வைத்திருந்தார். ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, அலமாரியில் மாதிரிப் பெட்டிகள், சுவரிலிருந்து இன்னும் போகாத கோந்து வாசனை. வாடகையைத் தன் சட்டைப் பையிலிருந்து கொடுத்துவிட்டு, கம்பெனிக்கு முதலாளி கொடுத்த கடன் என்று எழுதிக்கொள்வார். காலையில் வந்ததும் பலகையைத் துடைப்பார். மத்தியானம் வீட்டிலிருந்து கொண்டுவந்த டப்பாவைத் திறந்து சாப்பிடுவார். சாயங்காலம் பூட்டிக்கொண்டு போவார். அங்கே யாரும் வருவதில்லை.

இப்படிப்பட்ட கம்பெனியை எதற்குக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்று கேட்டால், அதற்கு மகளிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

கம்பெனி என்றால் குறைந்தது இரண்டு பேராவது பங்குதாரராகவும் டைரக்டராகவும் இருக்க வேண்டும். முதலில் அவரும் அவர் மனைவியும் இருந்தார்கள். மனைவி இறந்த பிறகு அந்த இடத்தில் மகளின் பெயரைச் சேர்த்தார்கள். மகள் கல்யாணமாகிக் கடல் தாண்டிப் போனவள். ஒரே பெண்.

மனைவி இருந்தவரை வாரா வாரம் மகளோடு அவள்தான் பேசுவாள். சமையலறையில் நின்றபடி, காதுக்கும் தோளுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு, நேரம் போவது தெரியாமல் பேசுவாள். கூடத்தில் உட்கார்ந்திருக்கும் இவருக்கு முடிவில் ஒரு செய்தி வரும். "நல்லா இருக்காளாம். உங்களைக் கேட்டா." அது போதும் அவருக்கு. அப்பாவும் மகளும் அந்த ஒருத்தி வழியாகவே பேசிக்கொண்டார்கள். அவள் போன பிறகுதான், தங்களுக்கு நடுவில் நேர்வழி ஒன்று போடப்படவே இல்லை என்று அவருக்குத் தெரிந்தது.

சும்மாதான் கூப்பிட்டேன் என்று சொல்லும் கலை அவருக்குக் கைவரவில்லை. ஒரு தடவை முயன்று பார்த்தார். மகள் பதறிப்போய், "என்னப்பா, உடம்புக்கு ஏதாவதா?" என்றாள். "ஒண்ணுமில்ல" என்றார். "அப்புறம்?" என்றாள். அப்புறம் ஒன்றும் இல்லை. போனை வைத்துவிட்டார்.

ஆனால் பொதுக்கூட்டம் என்றால் கூப்பிடலாம். கூப்பிட்டே ஆக வேண்டும், அது சட்டம். மற்ற சின்னக் கம்பெனிகளில் கூட்டம் நடந்ததாக எழுதிக் கையெழுத்துப் போட்டு முடித்துவிடுவார்கள். முதலாளி நிஜமாகவே நடத்தினார். மகள் போனில் கலந்துகொள்வாள். இவர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு மேஜைக்கு முன் உட்கார்ந்து, கூட்டம் நடத்தத் தேவையான உறுப்பினர்கள் வந்திருப்பதாக அறிவிப்பார். கணக்கைப் படிப்பார். விற்பனை இல்லை, கொள்முதல் இல்லை, சென்ற ஆண்டும் இல்லை. அந்த இல்லைகளை அவசரமே படாமல் ஒவ்வொன்றாகப் படிப்பார். "வழிமொழியறியாம்மா?" என்று கேட்பார். "சரிப்பா, வழிமொழியறேன்" என்பாள் அவள். நடுவில் அந்தப் பக்கம் ஒரு கதவு சாத்தப்படும், குழாயில் தண்ணீர் விழும். அதையெல்லாம் அவர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார். அவள் வீட்டை அவர் பார்த்ததில்லை.

கூட்டம் முடிந்த பிறகும் ஒரு வாய்ப்பு இருந்தது. படிவத்தில் ஏதாவது தப்பு இருந்தால் திருத்திய தாளில் மகள் மறுபடி கையெழுத்திட வேண்டும். அதற்கு மறுபடி கூப்பிட வேண்டும். ஆகவே வருஷத்துக்கு ஒரு தப்பு நேர்ந்தது. ஒரு வருஷம் அவள் வீட்டுக் கதவு எண் மாறிப்போனது. இன்னொரு வருஷம் பிறந்த தேதி. அடுத்த வருஷம் பங்குகளின் எண்ணிக்கை. "வயசாயிடுச்சும்மா, கண்ணு சரியா தெரியல" என்று மகளிடம் சொல்வார். ஊசியில் நூல் கோக்க முடியாமல் தையல்காரர் திண்டாடும்போதெல்லாம் கோத்துக் கொடுக்கிற கண் அது.

இந்த வருஷம் கணக்கை எடுத்துக்கொண்டு போனபோது ஆடிட்டரம்மா பேனாவை மூடி வைத்தார். அவருக்கு மகள் வயதுதான் இருக்கும். கறாரான ஆள்.

"சார், உங்க பொண்ணு எனக்கு மெயில் போட்டிருக்காங்க. கம்பெனியை மூடிடலாம்னு சொல்றாங்க."

முதலாளி கணக்குத் தாள்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "என்கிட்ட சொல்லியிருக்கலாமே" என்றார்.

"உங்ககிட்ட சொன்னா, நோட்டீஸ் கொடு, அடுத்த கூட்டத்துல சேர்த்துக்கறேன்னு சொல்வீங்களாம்."

முதலாளி பேச்சை மாற்றினார். பெரிய ஆர்டர் ஒன்று வருகிற மாதிரி இருக்கிறது என்றார். மெஷின் இல்லாமலா என்று ஆடிட்டரம்மா கேட்டார். வாங்கிவிடலாம் என்றார். என்ன பெட்டி, யாருக்கு என்று ஆடிட்டரம்மா கேட்பதற்குள் எழுந்து வந்துவிட்டார்.

அதற்குப் பிறகு அவர் செய்ததுதான் அபத்தம். கணக்கில் கையெழுத்தே போடவில்லை. கையெழுத்திட்டால் கூட்டம் நடக்கும், கூட்டம் நடந்தால் மூடும் தீர்மானம் வரும். ஆடிட்டரம்மாவின் போன் வந்தால் எடுப்பதில்லை. கடைசித் தேதி வந்தது, போனது. அபராதம் ஏற ஆரம்பித்தது. அவர் பாட்டுக்குக் காலையில் வந்து பலகையைத் துடைத்துவிட்டு, சாயங்காலம்வரை தெருவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வீட்டுக்குப் போனாலும் இதே மாதிரிதான், அங்கே பார்க்கத் தெருகூட இல்லை.

ஒரு நாள் ஆடிட்டரம்மாவே மூச்சிரைக்க மாடி ஏறி வந்துவிட்டார். மேஜைமேல் பழைய படிவங்களைப் பரப்பினார்.

"இதைப் பாருங்க சார். உங்க பேர், உங்க பிறந்த தேதி, கம்பெனி நம்பர், எதுலயும் ஒரு புள்ளி பிசகினதில்ல. தப்பெல்லாம் உங்க பொண்ணு பகுதியில மட்டும்தான். வருஷத்துக்கு ஒண்ணு, அதுவும் அவங்க திரும்பக் கையெழுத்துப் போடற மாதிரியான தப்பு. நான் என்ன கண்ணை மூடிக்கிட்டா ஆடிட் பண்றேன்?"

குட்டு வெளிப்பட்டுவிட்டது. முதலாளி காதுவரை சிவந்துபோனார். "அவகிட்ட சொல்லிட்டீங்களா?"

"அது உங்க வீட்டு விஷயம், நான் ஏன் சொல்றேன்? ஆனா இதைக் கேளுங்க. அபராதம் உங்க பேர்ல மட்டும் ஏறல, அவங்க பேர்லயும்தான் ஏறுது. இப்படியே விட்டா டைரக்டரா இருக்கத் தகுதியில்லாதவங்கன்னு ரெண்டு பேரையும் பட்டியல்ல போட்டுடுவாங்க. நாளைக்கு அவங்க சொந்தமா ஏதாவது ஆரம்பிக்கப் போனா அங்க வந்து நிக்கும். உங்களுக்காக அவங்க ஏன் அதைச் சுமக்கணும்?"

முதலாளி கை நீட்டி ஆடிட்டரம்மாவின் பேனாவையே வாங்கிக் கணக்கில் கையெழுத்துப் போட்டார். அபராதத்தையும் கட்டினார், மகளுடைய பங்கையும் சேர்த்து.

கடைசிக் கூட்டத்துக்கும் முறைப்படி நோட்டீஸ் அனுப்பினார். அந்த நாளில் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். மகள் சரியான நேரத்துக்குப் போனில் வந்தாள். உறுப்பினர்கள் வந்திருப்பதாக அறிவித்தார். கணக்கைப் படித்தார். கம்பெனியின் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்க விண்ணப்பிக்கும் தீர்மானத்தையும் படித்தார். குரல் பிசிறவில்லை.

"சம்மதம்பா" என்றாள் மகள்.

ஏகமனதாக நிறைவேறியது என்று எழுதினார். இனி ஒரே ஒரு வரிதான் பாக்கி. எந்தக் கூட்டமானாலும் நிகழ்ச்சி நிரலின் அடியில் இருக்கும் வரி அது. வழக்கமாக அவர் அதை வாய்விட்டுப் படிப்பதில்லை, ஏதுமில்லை என்று எழுதிவிட்டு நன்றி சொல்லிவிடுவார். இன்றைக்கு அதையும் படித்தார். படிக்க வேறு ஒன்றும் மிச்சமில்லை.

"தலைவரின் அனுமதியுடன் வேறு ஏதேனும் பொருள்."

"இருக்குப்பா" என்றாள் மகள்.

பேனா நின்றது. "சொல்லும்மா."

"எதுக்கு மூடச் சொன்னேன்னு நீங்க கேக்கவே இல்லையே."

"உனக்குத் தொந்தரவு. எனக்குத் தெரியாதா?"

"ஒரு கையெழுத்துல என்னப்பா தொந்தரவு? வருஷத்துக்கு ஒரு தடவை கூப்பிடுவீங்க. தீர்மானம் படிப்பீங்க, வழிமொழியச் சொல்வீங்க, வெச்சுடுவீங்க. அப்புறம் கதவு நம்பர் தப்புன்னு கூப்பிடுவீங்க. அம்மா போனதுக்கப்புறம் நான் உங்களுக்குக் கையெழுத்துப் போடற ஆளா மட்டும் ஆயிட்டேன். கம்பெனி இல்லேன்னா என்னைக் கூப்பிடறீங்களான்னு பாக்கணும்னு தோணுச்சு."

அந்தக் கதவு நம்பரைத் தெரிந்தேதான் தப்பாக எழுதினேன் என்று அவர் சொல்லித் தொலைத்திருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் வாழ்நாள் முழுக்கப் பூட்டி வைத்த வாய் அவ்வளவு சுலபத்தில் திறந்துவிடுமா?

"கூப்பிட்டு என்னம்மா பேசறது?" என்றார். அது சாக்குப்போக்கு இல்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார்.

அந்தப் பக்கம் குழாயில் தண்ணீர் விழுவது கேட்டது. அவரே தொடர்ந்தார்.

"அம்மா உன்கிட்ட என்னதான் பேசுவா?"

"சண்டை போடுவாங்க" என்றாள் மகள். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"உங்கம்மாவா? எதுக்கு?"

"எடுத்த எடுப்புலயே சண்டைதான். ஏன் இத்தனை நாளா கூப்பிடலன்னு. போன வாரம்தானேம்மா பேசினோம்னாலும் விட மாட்டாங்க. அது முடிஞ்சாத்தான் மத்த பேச்செல்லாம்."

அவருக்கு இது புதுச் செய்தி. அத்தனை வருஷம் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தும் இது காதில் விழவில்லை. தொண்டையைக் கனைத்துக்கொண்டார். தீர்மானத்தைப் படித்த அதே குரலில்தான் ஆரம்பித்தார்.

"ஏன் இத்தனை நாளா நீ கூப்பிடல?"

சும்மா சொல்லிப் பார்க்கலாம் என்றுதான் நினைத்திருந்தார். வாக்கியம் முடிவதற்குள் குரல் உடைந்துவிட்டது. அதற்குமேல் நிறுத்தவும் முடியவில்லை.

"ஒத்தை ஆளா உக்காந்திருக்கேனே இங்க. காலையில வந்து அந்தப் போர்டைத் துடைக்கிறதைத் தவிர எனக்கு என்ன இருக்கு? நீயாவது கூப்பிட்டிருக்கலாம் இல்ல? ஏன் கூப்பிடல நீ?"